பந்துக்குச் சம்பளம் பிறந்த கதை

சிங்காரப்பேட்டையிலிருந்து வேலைக்குப் புறப்படுகிறவர்களை விடியற்காலையில் சாலையோரம் பார்க்கலாம். கிருஷ்ணகிரிக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே, ஜவ்வாது மலைப் பக்கம் இருக்கிற ஊர். மானாவாரி நிலமும் மாந்தோப்பும் ஒரு குடும்பத்துக்கு வருஷம் முழுக்கச் சோறு போடாது என்று தெரிந்துபோன பிறகு, போச்சம்பள்ளி சிப்காட், பர்கூர் சிப்காட், ஓசூர், அதையும் தாண்டி பெங்களூர் என்று ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஷிப்ட், ஓ.டி., பி.எஃப்., பிடித்தம் போகக் கையில் வருவது எவ்வளவு என்பதெல்லாம் பத்தாவது படிக்கிற பையனுக்கே அத்துப்படி. அதே பையன் சாயங்காலம் பந்தை உதைத்துக்கொண்டு நின்றால், வீட்டிலிருந்து வரும் கேள்வியும் அந்தக் கணக்கைச் சேர்ந்ததுதான்: பந்தாடினா சோறு போடுமா?

தப்பான கேள்வி இல்லை. பந்தாடுகிறவனுக்குச் சம்பளம் கொடுப்பது விதிப்படி குற்றமில்லை என்று ஆகியே ஏறக்குறைய 140 ஆண்டுதான் ஆகிறது. அதற்கு முன்னால் அது திருட்டுத்தனமாக நடந்தது. ஒளித்துவைக்க வசதியாகக் கிடைத்த இடம் பஞ்சாலை.

வட இங்கிலாந்தில் லங்காஷயர். மான்செஸ்டரைச் சுற்றி ஊருக்கு ஊர் பஞ்சாலைப் புகைபோக்கிகள். சனிக்கிழமை மத்தியானத்தோடு ஆலை மூடிவிடும். மிச்சப் பொழுதுக்குத் தொழிலாளிக்குக் கிடைத்த பொழுதுபோக்கு கால்பந்து. ஆட்டத்தின் விதிகளை எழுதியவர்கள் வேறு ஆட்கள். தெற்கே, பணக்காரப் பள்ளிகளில் படித்த கனவான்கள். 1863இல் லண்டனில் அவர்கள் அமைத்த கால்பந்து சங்கத்துக்குப் பணம் வாங்கி ஆடுவது என்றாலே முகச்சுளிப்பு. சொத்து இருக்கிறவனுக்குக் காசு வாங்காமல் விளையாடுவது பெரிய விஷயமே இல்லை. நெசவாளி வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் அரை நாள் கூலி போய்விடும். பந்துக்குச் சம்பளம் என்ற யோசனை பேராசையில் முளைக்கவில்லை, இந்த அரை நாள் கூலியை யார் ஈடுகட்டுவது என்ற சின்னக் கணக்கில் முளைத்தது.

1878 வாக்கில் ஃபெர்கஸ் சூட்டர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் டார்வென் என்ற ஆலை ஊருக்கு வந்து சேர்ந்தார். தொழில், கல் செதுக்குவது. வந்த கொஞ்ச நாளில் அந்த வேலையை விட்டுவிட்டார். காரணம் கேட்டவர்களிடம் இங்கிலாந்துக் கல் தன் ஊர்க் கல்லைவிடக் கடினமாக இருக்கிறது, கை வீங்குகிறது என்று சொன்னதாகக் கதை. வேலையை விட்டவர் பட்டினி கிடக்கவும் இல்லை, ஊரைவிட்டுப் போகவும் இல்லை. டார்வென் அணிக்குப் பந்தாடிக்கொண்டிருந்தார். யார் கொடுத்த காசில் சாப்பிட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும், எந்தக் கணக்கிலும் கிடையாது. உலகின் முதல் தொழில்முறைக் கால்பந்து வீரர் என்று இன்றைக்குப் பலர் இவர் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

சூட்டர் தனி ஆள். அதையே ஒரு ஏற்பாடாக மாற்றியவர் பக்கத்து ஊர் பிரஸ்டனில் இருந்த வில்லியம் சடெல். பஞ்சாலை மேலாளர். பிரஸ்டன் நார்த் எண்ட் அணியும் அவர் கையில். ஸ்காட்லாந்திலிருந்து நல்ல ஆட்டக்காரர்களாகப் பார்த்து வரவழைத்தார், ஆலைகளில் வேலை வாங்கிக் கொடுத்தார். ஆள் பந்தைத்தான் ஓட்டிக்கொண்டிருப்பான், சம்பளம் மட்டும் ஆலைக் கணக்கில் ஓடும். நம் பக்கம் ஸ்போர்ட்ஸ் கோட்டா என்று சொல்கிற ஏற்பாட்டுக்கு இவரைத்தான் கொள்ளுத்தாத்தா என்று சொல்ல வேண்டும்.

1884 ஜனவரி. கால்பந்து சங்கம் நடத்திய எஃப்.ஏ. கோப்பையில் லண்டன் அணியான அப்டன் பார்க் பிரஸ்டனுக்கு வந்து ஆடி, 1-1 என்று சமன் செய்துவிட்டுப் போனது. போன கையோடு புகார் கொடுத்தது: பிரஸ்டன்காரர்கள் காசு கொடுத்து ஆள் வைத்து ஆடுகிறார்கள். விசாரணையில் சடெல் மறுத்திருக்கலாம். ஆவணம் எதுவும் சிக்கியிருக்காது. அவர் மறுக்கவில்லை. ஆமாம், கொடுக்கிறோம், லங்காஷயரில் எல்லாரும் கொடுக்கிறார்கள் என்றார். கோப்பையிலிருந்து பிரஸ்டனை நீக்கினார்கள். ஆனால் ரகசியம் உடைந்துவிட்டதே! வடக்கத்தி அணிகள் ஒன்றுகூடி, தனிச் சங்கம் தொடங்குவோம் என்று மிரட்டின. லண்டன் ஓராண்டு இழுத்தடித்துப் பார்த்துவிட்டு, 1885 ஜூலை 20ஆம் தேதி இறங்கி வந்தது. சம்பளம் கொடுக்கலாம், ஆனால் கோப்பை ஆட்டத்தில் இறங்குகிற சம்பள ஆட்டக்காரர் மைதானத்திலிருந்து ஆறு மைலுக்குள் பிறந்தவராகவோ இரண்டு ஆண்டு குடியிருந்தவராகவோ இருக்க வேண்டும் என்று ஒரு கடிவாளம்.

இதற்கடுத்து நடந்ததைப் பலர் கவனிப்பதில்லை. வாரச் சம்பளம் என்று ஒத்துக்கொண்டால் வாராவாரம் வசூல் வேண்டும். கோப்பை ஆட்டத்தை நம்பினால் முதல் சுற்றிலேயே தோற்றுப்போன அணிக்கு அந்த வருஷம் வரும்படி இல்லை. நட்பு ஆட்டத்தை நம்பினால் எதிரணி கடைசி நேரத்தில் வராமல் போய்விடும். சொன்ன தேதியில் சொன்ன அணி வந்து நின்றே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தில்தான் 1888இல் 12 அணிகள் சேர்ந்து லீக் என்ற ஒன்றைத் தொடங்கின. இன்றைக்கு உலகமெங்கும் நடக்கிற லீக்குகளுக்கெல்லாம் அதுதான் தாய். ஆட்டம் வளர்ந்து சம்பளம் வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சம்பளப் பட்டுவாடா நாள் தவறக்கூடாது என்பதற்காக ஆட்டம் அட்டவணைக்குள் வந்தது. அந்த முதல் லீக்கை ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காமல் வென்றது சடெலின் பிரஸ்டன். அதே பருவத்தில் எஃப்.ஏ. கோப்பையையும் ஒரு கோல்கூட வாங்காமல் வென்றது.

சடெலின் முடிவு நல்லபடியாக இல்லை. ஆலைப் பணத்தைக் கையாடிய வழக்கில் 1895இல் மூன்றாண்டு சிறை. ஆலைக் கணக்கையும் அணிக் கணக்கையும் ஒரே கையில் வைத்திருந்தவரிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது?

சம்பளம் பிறந்த பதினாறாவது வருஷமே முதலாளிகள் அதற்கு உச்சவரம்பு கட்டினார்கள். 1901இல் வாரத்துக்கு 4 பவுண்டு. எத்தனை பெரிய ஆட்டக்காரரானாலும் அதற்கு மேல் கிடையாது. தொகை அவ்வப்போது ஏறினாலும் 60 ஆண்டு நீடித்தது அந்த வரம்பு. 1952இல் அதே பிரஸ்டனின் டாம் ஃபின்னிக்கு இத்தாலியின் பலெர்மோ கிளப் 10,000 பவுண்டு கையெழுத்துத் தொகை, மாதம் 130 பவுண்டு, கார், கடற்கரை வீடு என்று ஆசை காட்டியது. அப்போது அவர் பிரஸ்டனில் வாங்கிக்கொண்டிருந்தது வாரம் 14 பவுண்டு. கிளப் தலைவர், எங்களுக்கு ஆடு, இல்லையென்றால் எங்கும் ஆடாதே என்று சொல்லிவிட்டார். சட்டமும் தலைவர் பக்கம்தான். இங்கிலாந்துக்காக 76 ஆட்டம் ஆடிய ஃபின்னி, பக்கத் தொழிலாகப் பிளம்பர் வேலையும் பார்த்துக்கொண்டே காலத்தை ஓட்டினார். 1961 ஜனவரியில் வீரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்வோம் என்று மிரட்டிய பிறகே வரம்பு ஒழிந்தது. அப்போது அது 20 பவுண்டு. ஒழிந்த கொஞ்ச நாளில் ஃபுல்ஹாம் கிளப் ஜானி ஹெய்ன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு கொடுத்தது.

ஐரோப்பாவில் கடைசிப் பூட்டை உடைத்தவர் அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் இல்லை. பெல்ஜியத்தின் லியேஜ் கிளப்பில் ஆடிய ஜான்-மார்க் போஸ்மன். 1990இல் ஒப்பந்தம் முடிந்தது. கிளப் சம்பளத்தை நாலில் ஒரு பங்காகக் குறைத்தது. பிரான்சுக்குப் போகிறேன் என்றால் விடவும் இல்லை. வழக்கு ஐந்தாண்டு நடந்தது. 1995 டிசம்பர் 15இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஒப்பந்தம் முடிந்தால் வீரன் சுதந்திரப் பறவை, பழைய கிளப்புக்கு ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. கோடிகள் பறக்கத் தொடங்கியது அதற்கப்புறம். போஸ்மனுக்கு அதில் ஒன்றும் ஒட்டவில்லை. வழக்கிலேயே ஆட்ட வயது கரைந்துபோனது.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கிலாந்தில் லீக் தொடங்கிய அதே 1888இல் சிம்லாவில் டியூராண்ட் கோப்பை தொடங்கியது. ஆடியவர்கள் ராணுவத்து வெள்ளைக்காரர்கள். ஆக, பந்து இங்கே வந்து இறங்கும்போது தெற்கத்திக் கனவான் ஆட்டமாகத்தான் இறங்கியது, லங்காஷயர்க் கூலியாள் ஆட்டமாக இல்லை. 1911இல் கொல்கத்தாவின் மோகன் பாகன் கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வாங்கியபோது அந்தப் பதினொருவரில் பந்தைக் காட்டிச் சம்பளம் வாங்கியவர் ஒருவரும் இல்லை. மோகன் பாகனுக்கு 19 ஆண்டு ஆடி, ஒலிம்பிக்கில் இந்திய அணித் தலைவராகவும் இருந்த சைலன் மன்னாவின் பிழைப்பு ஜியாலஜிக்கல் சர்வே வேலையில்தான் நடந்தது.

அமெச்சூர் என்று பெயர் சொல்லிக்கொண்டே கொல்கத்தாவில் காசு புழங்காமல் இல்லை. 1930களில் முகமதன் ஸ்போர்ட்டிங் நாடு முழுக்க ஆள் தேடியது, பெங்களூரிலிருந்தும் எடுத்தது, 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் கொல்கத்தா லீக்கை வென்றது. ஊர்விட்டு ஊர் வந்து ஆறேழு மாதம் தங்கி ஆடுகிறவனுக்குச் சாப்பாடு, அறை, கைச்செலவு யார் கொடுத்திருப்பார்கள்? பிரஸ்டனில் நடந்ததுதான் இங்கேயும் நடந்தது. வேறுபாடு ஒன்று உண்டு: சடெலைப் போல எழுந்து நின்று, ஆமாம், கொடுக்கிறோம் என்று சொல்ல இங்கே ஒருவரும் முன்வரவில்லை. அதனால் அந்தப் பணம் பல பத்தாண்டுகள் ரொக்கமாக, வாய்ப்பேச்சில், பாதி வந்தும் பாதி வராமலும் கிடந்தது.

பெங்களூரிலிருந்து ஏன் ஆள் எடுத்தார்கள் என்பது நம் எல்லைப் பக்கத்து விஷயம். கொஞ்சம் நின்று பார்க்கலாம். பெங்களூர்க் கன்டோன்மென்ட் பட்டாளத்து ஊர். மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு அங்கேதான். பட்டாளத்துக்குப் பின்னால் சமையற்காரர், தையற்காரர், கொத்தனார், குமாஸ்தா என்று தமிழ்க் குடும்பங்கள் போய் அல்சூர், ஆஸ்டின் டவுன் பக்கம் குடியேறின. பட்டாளத்தான் ஆடிய பந்தை அவர்கள் வீட்டுப் பையன்கள் வெறுங்காலில் ஆடிக் கற்றார்கள். 1937இல் பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையை வென்ற முதல் இந்திய சிவிலியன் அணி பெங்களூர் முஸ்லிம்ஸ். அடுத்த வருஷமும் அவர்களே. 1948 ஜூலை 31இல் லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் முதல் ஆட்டம், பிரான்சுக்கு எதிராக. பெரும்பாலானவர்கள் வெறுங்காலில். இரண்டு பெனால்டியைக் கோட்டைவிட்டு 1-2 என்று தோற்றார்கள். அந்த ஒரே கோலை அடித்தவர் மைசூர் சமஸ்தானத்து ஆட்டக்காரர் சாரங்கபாணி ராமன். அந்த அணியில் பெங்களூரின் அகமது கானும் தன்ராஜும் இருந்தார்கள். இருவரும் பிறகு ஈஸ்ட் பெங்காலுக்குப் போய், வெங்கடேஷ், சாலே, அப்பா ராவ் ஆகியோருடன் பஞ்ச பாண்டவர் என்று வங்காளமே கொண்டாடிய முன்வரிசையில் ஆடினார்கள். ஐந்து பேரில் ஒருவரும் வங்காளி கிடையாது. 1960களில் பெங்களூரின் அருமைநாயகம் மோகன் பாகனுக்கு ஆடினார்; 1962 ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். அல்சூரை அடுத்த கௌதமபுரத்தில் இன்றைக்கும் பீலேவுக்குச் சிலை நிற்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தச் சம்பளத்துக்கு இந்தியா ஒரு வழி கண்டுபிடித்தது. சடெலின் பழைய வழிதான், அரசு முத்திரையோடு. ரயில்வே, வங்கி, துறைமுகம், போலீஸ், பொதுத்துறை ஆலை. பி.கே. பானர்ஜி இந்தியாவின் மிகப் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவர். கொல்கத்தாவின் பெரிய கிளப்புகள் எதற்கும் ஆடாமல் கடைசிவரை கிழக்கு ரயில்வேயிலேயே இருந்தார். 1958இல் அந்த ரயில்வே அணிக்கே கொல்கத்தா லீக் பட்டமும் வாங்கிக் கொடுத்தார். சென்னையில் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி. பெங்களூரில் ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். காலையில் பயிற்சி, பிறகு மிஷினோ மேசையோ, சாயங்காலம் மறுபடி மைதானம். ஆட்டம் ஓய்ந்தாலும் 58 வயது வரை சம்பளம் ஓயாது, பி.எஃப்., ஆஸ்பத்திரி, குவார்ட்டர்ஸ் எல்லாம் உண்டு. சிங்காரப்பேட்டை அப்பாவின் கேள்விக்கு அந்தக் காலத்தில் நேரான பதில் இருந்தது: போடும், ஆனால் பந்தாடியதற்கு இல்லை, ஃபிட்டராக இருந்ததற்கு.

இதைக் கேவலமாகப் பேசுகிற வழக்கம் ஒன்று உண்டு. வேலைக்காக ஆடினார்கள், அதனால்தான் இந்தியக் கால்பந்து உருப்படவில்லை என்று. எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. 1951இலும் 1962இலும் ஆசியத் தங்கம் வாங்கியது, 1956 ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வந்தது எல்லாம் இப்படி ஆபீஸ் வேலையும் பட்டாள வேலையும் பார்த்த ஆட்கள்தான். மாநில அணிகளின் சந்தோஷ் கோப்பையை மைசூர் வென்ற நான்கு முறையில் கடைசி இரண்டும், 1967-68, 1968-69இல், இந்த ஏற்பாட்டின் காலத்தில்தான். அதற்கப்புறம் கர்நாடகம் அந்தக் கோப்பையை மறுபடி தொட 2023 வரை ஆனது.

திறந்த ஒப்பந்தச் சம்பளம் 1990களில் வந்தது. திருச்சூர் மைதானத்தில் ஆட்டத்தின்போது சோடா விற்ற பையன் ஐ.எம். விஜயன் முதலில் போய்ச் சேர்ந்தது கேரள போலீஸில். அங்கிருந்து மோகன் பாகன், பஞ்சாப் பஞ்சாலையான ஜே.சி.டி. என்று போனார். 1996இல் தேசிய லீக் தொடங்கியது. முதல் பட்டம் ஜே.சி.டி.க்கு. இங்கேயும் பஞ்சாலை! 1997இல் எஃப்.சி. கொச்சின் என்ற கிளப் பிறந்தது. ஆலையும் இல்லை, வங்கியும் இல்லை. பந்தாட மட்டுமே ஆள் எடுத்த கிளப். விஜயன், ஜோ பால் அஞ்சேரி, தமிழ்நாட்டின் ராமன் விஜயன் எல்லாரும் ஒரே சட்டையில். பிறந்த வருஷமே டியூராண்ட் கோப்பையை வென்றது. ஐந்தாவது வருஷத்தில் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் மூடியது. ஐ.எம். விஜயன் கடைசியில் போலீஸுக்கே திரும்பி, 2025இல் அங்கிருந்துதான் ஓய்வு பெற்றார். அடுத்தடுத்து மகிந்திரா யுனைடெட் 2010இலும் ஜே.சி.டி. 2011இலும் அணியைக் கலைத்தன. ஆலைக்குக் கால்பந்து அணி விளம்பரம் என்றால் அதைவிட மலிவாக டி.வி.யில் விளம்பரம் செய்துகொள்ளலாம் என்று முதலாளிகளுக்குத் தோன்றிவிட்டது.

பெங்களூரில் இந்த மாற்றம் ஏறக்குறைய ஒரே வருஷ இடைவெளியில் கண்முன்னே நடந்தது. ஊழியர்களை வைத்து, தேசிய லீக்கின் வாரிசான ஐ-லீக்கில் ஆடிவந்த எச்.ஏ.எல். அணி 2012இல் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. 2013 ஜூலையில் ஜே.எஸ்.டபிள்யூ. நிறுவனம் பெங்களூரு எஃப்.சி.யைத் தொடங்கியது, இந்திய அணித் தலைவர் சுனில் சேத்ரியை எடுத்தது, முதல் பருவத்திலேயே ஐ-லீக் பட்டம். அந்த அணியில் எவருக்கும் ஷிப்ட் கிடையாது. எச்.ஏ.எல். ஊழியருக்கு இருந்த, ஓய்வு வயது வரை சம்பளம் என்ற உறுதியும் கிடையாது.

2014இல் ஐ.எஸ்.எல். என்ற புது லீக் வந்ததும்தான் 'இவருக்கு எத்தனை கோடி' என்ற பேச்சு நம் டீக்கடை வரைக்கும் வந்தது. 2015 ஜூலையில் மும்பையில் ஏலம். சேத்ரிக்கு அடிப்படை விலை 80 லட்சம். மும்பை சிட்டி 1.20 கோடிக்கு எடுத்தது. யூஜின்சன் லிங்டோவை புனே 1.05 கோடிக்கு. 2017 வீரர் தேர்வில் அனஸ் எடத்தொடிகாவுக்கும் லிங்டோவுக்கும் தலா 1.10 கோடி. ஊரறியக் கூவியதால் இந்தத் தொகைகள் நமக்குத் தெரியும். மற்றபடி இந்தியக் கிளப்பும் வீரனும் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தத் தொகையை எவரும் வெளியிடுவதில்லை. செல்போனில் ஒரு வீரர் பெயரைத் தட்டினால் 'மதிப்பிடப்பட்ட சொத்து' என்று ஒரு கோடிக்கணக்கு வந்து நிற்கிறதே, அது தெரிந்த ஒரு தொகையை ஆடிய வருஷத்தால் பெருக்கி, விளம்பரத்துக்கு ஒரு தோராயத்தைக் கூட்டி எழுதியது. வரி கழிக்க மாட்டார்கள். ஏஜெண்டுக்குப் போவதைக் கழிக்க மாட்டார்கள். காயத்தில் உட்கார்ந்த பருவத்தையும் கழிக்க மாட்டார்கள். பெயர்பெற்ற ஃபோர்ப்ஸ் பட்டியலே வரிக்கு முந்திய தொகையைத்தான் போடுகிறது.

அசல் ஒப்பந்தம் வெளியே வருவது அபூர்வம். 2021 ஜனவரியில் ஸ்பெயினின் எல் முண்டோ நாளிதழ் மெஸ்ஸிக்கும் பார்சிலோனாவுக்கும் இடையிலான 2017 ஒப்பந்தத்தை வெளியிட்டது: நான்கு பருவத்துக்கு அதிகபட்சம் 55 கோடியே 52 லட்சம் யூரோ. அதிகபட்சம் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நிபந்தனை எல்லாம் நிறைவேறினால் அவ்வளவு. அதிலும் ஏறக்குறையப் பாதி ஸ்பெயின் அரசின் வரிக்கு.

நம் ஊர் 1.20 கோடியை இதே மாதிரிப் பிரித்துப் பார்க்கலாம். 2015 ஐ.எஸ்.எல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மூன்று மாதம்கூட முழுசாக இல்லை. அந்தத் தொகை அதற்கு மட்டும். விளையாட்டு வீரருக்குக் கொடுப்பது வருமான வரிக் கணக்கில் தொழில்முறைக் கட்டணம் என்பதால் கொடுக்கும்போதே 10 சதவீதம், அதாவது 12 லட்சம், டி.டி.எஸ். பிடித்துக்கொள்வார்கள். வருஷ முடிவில் உச்சப் படிநிலையான 30 சதவீதமும் அதன்மேல் கூடுதல் வரியும். கிளப் தன் பங்காகப் போடுகிற பி.எஃப். என்ற ஒன்று அந்தக் கணக்கில் வராது. ஓசூரில் நிரந்தரத் தொழிலாளிக்கு 35 வயதில் சர்வீஸ் பாதிகூட ஆகியிருக்காது. முன்வரிசை ஆட்டக்காரனுக்கு அந்த வயதில் கணக்கையே மூடிவிடுவார்கள். சேத்ரி 40 வயதுக்கு மேலும் ஆடியது விதிவிலக்கு. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 1.20 கோடி அன்றைய ஏலத்தின் உச்சி. ஓர் அணியில் 25 பேர் என்றால் பெஞ்சில் உட்கார்கிற பதினெட்டு வயதுப் பையனும் அதே அணிதான். அவன் சம்பளத்தை எவரும் மதிப்பிட்டு எழுதுவதில்லை.

தமிழ்நாட்டுப் பையன்களுக்கு இதில் இடம் கிடைத்தது, மறுக்க முடியாது. சென்னை வியாசர்பாடியிலிருந்து தனபால் கணேஷ், நந்தகுமார் சேகர், குமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் என்று ஒரு வரிசை கிளம்பியது. 2018-19 ஐ-லீக்கைச் சென்னை சிட்டி அணி வென்றது, கோவை மைதானத்தை வீடாகக் கொண்டு. மீனவர் வீட்டுப் பிள்ளையும் கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் ரயில்வே வேலைக்கு விண்ணப்பம் போடாமலே பந்தை மட்டும் வைத்து வீடு கட்ட முடியும் என்று ஆனது இந்தப் பத்து வருஷத்தில்தான். எனக்குத் தெரிந்து கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு அந்த வரிசையில் இன்னும் சீட்டு வரவில்லை. இங்கே வாலிபாலும் கபடியும் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டும்தான் ராஜா.

பிறகு 2025. ஐ.எஸ்.எல்.லை நடத்திவந்த நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் 2010இல் போட்ட 15 வருஷ ஒப்பந்தம் டிசம்பரில் முடிய இருந்தது. அடுத்தது என்ன என்று முடிவாகவில்லை; ஜூலையில் லீக்கை நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் பெங்களூரு எஃப்.சி., முதல் அணி வீரர்கள், ஊழியர்கள் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்துகிறோம் என்று அறிக்கை விட்டது. அந்த வாரமே சென்னையின் எஃப்.சி.யும். 1888இல் எந்தக் கணக்கின் மேல் லீக் எழுந்ததோ அது தலைகீழாக விழுந்தது: அட்டவணை இல்லை, அதனால் சம்பளம் இல்லை. ஆலை ஓடாமல் நின்றால் தொழிலாளிக்கு லே-ஆஃப் இழப்பீடு என்று சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. கோடிச் சம்பளக்காரர் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தவர்கள் கையில் இருந்தது ஒரு ஒப்பந்தத் தாள்.

குறைந்தபட்சச் சம்பளம் என்று நம் கால்பந்துச் சம்மேளனம் ஒரு தொகையை எழுத்தில் போட்டது ஒரு இடத்தில் உண்டு, அதுவும் பெண்கள் லீக்கில். 2023 ஏப்ரலில் எடுத்த முடிவு அது: இந்திய மகளிர் லீக்கின் எட்டு கிளப்புகளும் தலா பத்து இந்திய வீராங்கனைகளையாவது ஒப்பந்தத்தில் எடுக்க வேண்டும், வருஷத்துக்கு 3.2 லட்சத்துக்குக் குறையாமல். 3.2 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 26,666 ரூபாய். தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,900, படிகள் தனி. இந்திய அணியின் நடுக்கள ஆட்டக்காரர், கடலூரின் இந்துமதி கதிரேசன், தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். அந்த யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு வா என்று கூப்பிடுகிற தெம்பு இங்கே எந்தக் கிளப்புக்கும் இன்னும் வரவில்லை.